நான்காம் எண் கண்ணாடி

அப்பா கிளம்பிப் போய் இருபது நிமிடம் ஆகிறது. ராத்திரி மணி ஒன்றே முக்கால். அம்மா உள்ளே விளக்கைப் போடாமல் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மாடிப்படியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரிடமாவது முழுவதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவிடம் சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. முடித்ததுமே அவர் சட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மலைக்கோட்டை அரீனாவைத் திறக்கப்போகிறார்கள். எட்டாயிரம் பேர் வருகிறார்கள். அதில் இரண்டாயிரம் பேர் மேற்கு கேலரியில் உட்காருவார்கள். அந்தக் கேலரி உறுதியாக இருக்கிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அவர்களை நம்ப வைத்தது நான்.

என் பெயர் ஏஞ்சலின். பிளஸ் ஒன் படிக்கிறேன். ஸ்கூல் ஹாக்கி டீமில் லெப்ட் அவுட். எங்கள் அப்பா இருதயநாதன் படத்துக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். திருஇருதய ஆண்டவர் படம், கல்யாண போட்டோ, செத்தவர்கள் போட்டோ, எல்லாவற்றுக்கும் அவர்தான் கண்ணாடி வெட்டி, சட்டம் அடித்துக் கொடுப்பார். லீவு நாட்களில் நானும் வெட்டுவேன். கண்ணாடி மேல் கட்டரை ஒரே இழுப்பில் இழுத்து, மேஜை விளிம்பில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் நேராகப் பிரியும். எட்டாம் வகுப்பிலிருந்தே எனக்கு அது வரும். வராமலே இருந்திருக்கலாம்.

மலைக்கோட்டை அரீனா என்பது புதுப்பெயர். போன வருஷம் வரைக்கும் அது வெள்ளிவிழா ஸ்டேடியம். ஐம்பது வருஷத்துக் கட்டிடம். மேற்குப் பக்கம் சிமென்ட் கேலரி, மற்ற மூன்று பக்கமும் மண்மேடு. மழை பெய்தால் கேலரிக்கு அடியில் ஒழுகும். அங்கேதான் நாங்கள் பேக்கை வைப்போம், ஷூ மாற்றுவோம். சென்னைக் கம்பெனி ஒன்று அதை எடுத்து, பாட்டுக் கச்சேரி, கண்காட்சி, பெரிய கல்யாணம் எல்லாம் நடத்துகிற இடமாக மாற்ற ஆரம்பித்தது. மைதானத்தைக் கடைசியாகத்தான் மூடுவார்கள் என்பதால் டிசம்பர் வரைக்கும் காலை ஐந்தே காலிலிருந்து ஏழு வரை நாங்கள் பிராக்டிஸ் பண்ணிக்கொள்ள அனுமதி கிடைத்தது. எங்கள் கோச் ஆண்டனிராஜ் சார் யார் யாரையோ பார்த்து வாங்கிய அனுமதி அது.

முதல் நாளே அவர் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்.

"இந்தா பாருங்க. இது இப்ப நம்ம கிரவுண்டு இல்ல. ஒரு செங்கல்ல கீறல் விழுந்துச்சுன்னு கம்ப்ளெயின்ட் வந்தாலும் அம்புட்டுதான், அன்னைக்கே கேட்டுக்கு வெளிய. டிசம்பர்ல ஸ்டேட் கேம்ப் செலக்ஷன். அதுவரைக்கும் கைய கால வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

"கைய கால வச்சுக்கிட்டு எப்படி சார் ஹாக்கி ஆடுறது?" என்று கோல் கீப்பர் தஹ்சீன் கேட்டாள். அதற்கு நான்கு ரவுண்டு ஓடினாள்.

அதே வாரத்தில்தான், ஜூன் பன்னிரண்டாம் தேதி, ராமர் சார் வந்து கண்ணாடிகளை ஒட்டினார். பழைய கட்டிடங்களைச் சோதித்துச் சொல்கிற இன்ஜினியர் அவர். ஒட்டன்சத்திரத்துக்காரர். சின்னப் பிள்ளைகளைக்கூட 'வாங்க, போங்க' என்பார், இல்லாவிட்டால் 'கண்ணு' என்பார். கேலரிக்கு அடியில் சுவரிலும் தூண்களிலும் மொத்தம் ஏழு இடத்தில் ஒட்டினார். உள்ளங்கை நீளம், இரண்டு விரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டு. இரண்டு முனையிலும் வெள்ளை சிமென்ட். பக்கத்தில் சிவப்பு பெயின்டில் எண்ணும் தேதியும். ஆறு கண்ணாடி எட்டாத உயரத்தில் இருந்தது. நான்காம் எண் மட்டும் ஒரு தூணில் என் தோள் உயரத்தில்.

அது எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. கட்டிட வேலையில் எத்தனையோ குறி போடுவார்கள். அதில் ஒன்று என்று நினைத்தோம். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை காலை ஆறரைக்கு ராமர் சார் டார்ச்சோடு வந்து ஏழையும் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போவார்.

ஜூலை நடுவில் ஒரு நாள் நான் சீக்கிரமாகவே வந்துவிட்டேன். கேலரிக்கு அடியில் இருக்கிற சுவரில் பந்தை அடித்து அடித்துத் திரும்ப வாங்குவது என் பழக்கம். அது என் தனி பிராக்டிஸ். அன்று ஒரு பந்து சறுக்கி நான்காம் எண் இருந்த தூணில் பட்டது. பந்தை எடுக்கப் போனபோது பார்த்தேன். கண்ணாடி இரண்டாக இருந்தது.

சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. வாட்ச்மேனுக்குப் பதில் அங்கே இருந்தது முத்துப்பேச்சி அக்கா. அவர்தான் காவலும், கூட்டுவதும். அவர் கேட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

உடைந்த துண்டுகளை நோண்டி எடுத்துப் பேக்கில் போட்டுக்கொண்டேன். எண்ணையும் தேதியையும் போனில் படம் எடுத்தேன். அன்று சாயங்காலமே கடையில் அதே அளவுக்குக் கண்ணாடி வெட்டினேன். ஹார்டுவேர் கடையில் கால் கிலோ வெள்ளை சிமென்ட் வாங்கினேன். மறுநாள் ஐந்து மணிக்கே போய் ஒட்டினேன். நோண்டியதில் சிவப்பு பெயின்ட் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. ராமர் சார் நான்கை மேலே மூடாமல் எழுதுவார். நானும் அப்படியே எழுதினேன்.

வேறு யாராக இருந்தாலும் உடைந்ததை அப்படியே விட்டிருப்பார்கள். அல்லது சாரிடம் சொல்லித் திட்டு வாங்கியிருப்பார்கள். எனக்குக் கண்ணாடி வெட்டத் தெரியும் என்பதால் புதிதாகவே வைத்துவிட்டேன்.

தஹ்சீனிடம் மட்டும் சொன்னேன்.

"நல்ல வேலை பாத்த," என்றாள். "கம்பெனிக்காரனே இம்புட்டு நேரா ஒட்டல. பேசாம அவனுககிட்ட வேலைக்குச் சேந்துரு. ஹாக்கிலதான் நீ ஒண்ணும் கிழிக்கப்போறதில்ல."

"போடி."

"சொல்ல மாட்டேன்டி. எங்கத்தா மேல ஆணை," என்று தன் அப்பா மேல் சத்தியம் பண்ணினாள்.

அடுத்த வாரம் ராமர் சார் வந்தார். டார்ச் அடித்தார். எழுதினார். போய்விட்டார். எனக்கு உயிர் வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் இரண்டாம் தடவை உடைந்தது. அன்றும் நான் சுவரில் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். தூணில் பட்டதாக ஞாபகம் இல்லை. ஆனாலும் நான்தான் உடைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் வெட்டினேன், ஒட்டினேன். இந்தத் தடவை அவசரத்தில் உடைந்த துண்டுகளைக் கடையில் வேஸ்ட் கண்ணாடி போடுகிற பெட்டியில் போட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அப்பா அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சலு, இது யாரு கொண்டாந்தது?"

"ஏம்ப்பா?"

"நூதனமா ஒடஞ்சிருக்கு. அடி வாங்குன கண்ணாடின்னா பட்ட எடத்துலருந்து நட்சத்திரம் மாதிரி தெறிக்கும். கீழ விழுந்துச்சுன்னா மூல போகும். இது ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்த மாதிரி நேரா பிரிஞ்சிருக்கு பாரு. கண்ணாடிய யாரு இழுப்பா?"

"தெரியலப்பா."

அவர் மறுபடி பெட்டியில் போட்டுவிட்டார். நான் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தை மூன்று தடவை எழுதினேன். அன்றே எனக்குப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தச் சுவரில் நான் பந்து அடிக்கவில்லை. மைதானத்தின் மறுகோடிக்குப் போய்விட்டேன்.

அக்டோபரில் ஆயுத பூஜையை ஒட்டி ஐந்து நாள் லீவு. பிராக்டிஸ் இல்லை, கட்டிட வேலையும் இல்லை. கேட் பூட்டு. அந்த ஐந்து நாளும் விடாத மழை. ஆறாம் நாள் காலை நாலரைக்கே நான்தான் முதலில் உள்ளே போனேன். மனசு கேட்காமல் நேராக அந்தத் தூணுக்குப் போனேன்.

நான்காம் எண் உடைந்திருந்தது. நேராக, நடுவில். யாரும் அடிக்கவில்லை. யாரும் உள்ளேயே வரவில்லை.

இப்போது சொல்கிறேன், கேளுங்கள். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். சாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று ராமர் சார் வருகிற நாள். முதல் இரண்டு தடவை மாற்றியது நான்தான் என்று தெரிந்தால்? டீமே வெளியே போகும். பதினாறு பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள். பேக்கில் ஒரு துண்டு கண்ணாடியும் மிச்ச சிமென்டும் பெயின்டும் தயாராக வைத்திருந்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல் வைத்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒட்டி, எழுதி, மேலே கொஞ்சம் தூசியைத் தடவி முடித்துவிட்டேன்.

ஆறரைக்கு அவர் வந்தார். டார்ச் அடித்தார். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி பக்கத்தில் நின்றேன்.

"சார், இது எதுக்கு சார்?"

அவருக்குச் சந்தோஷம். இத்தனை மாதத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை போல.

"இதுங்களா கண்ணு? பழைய கட்டிடம் பாத்தீங்களா, உள்ள கம்பி துருப்பிடிச்சு இந்தத் தூணுல விரிசல் விட்டிருக்குது. விரிசல் பழசா, இல்ல இன்னமும் விரியுதான்னு கண்ணுல பாத்தா தெரியாதுங்க. அதுக்குத்தான் குறுக்கால கண்ணாடி. கண்ணாடிக்கு வளையத் தெரியாது. விரிசல் ஒரு நூல் நகர்ந்தாலும் டக்குனு ஒடஞ்சு சொல்லிப்போடும்."

"ஒடஞ்சா என்ன சார் பண்ணுவீங்க?"

"ஒடஞ்சா கேலரியவே இடிக்கோணும். வேற பேச்சே கிடையாது. மேல இரும்புக் கூரை வருது, லைட்டு வருது, கண்ணாடி ரூமு பத்து வருது. எல்லாத்தையும் இந்தப் பழைய தூணுதானே தாங்கோணும்?" அவர் நான்காம் எண்ணை விரலால் தட்டினார். "நான் பயந்ததே இந்த நாலாம் நம்பருக்குத்தானுங்க. பாருங்க, நாலு மாசம் ஆச்சு. ஒரு கீறல் இல்ல."

சிமென்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை. அவர் விரல் கண்ணாடியில் மட்டும்தான் பட்டது. அரை அங்குலம் தள்ளித் தட்டியிருந்தால் ஈரம் தெரிந்திருக்கும். அந்த அரை அங்குலத்தை நினைத்து நான் அதற்குப் பிறகு எத்தனை ராத்திரி தூங்கவில்லை தெரியுமா?

"சார்," என்றேன்.

"சொல்லுங்க கண்ணு."

"ஒண்ணுமில்ல சார்."

அதற்குப் பிறகு கண்ணாடி உடையவில்லை. தினமும் பார்த்தேன். நவம்பர் முழுவதும் அப்படியே இருந்தது. சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டிடம் உட்கார்ந்துவிட்டது, இனி அசையாது என்று. நவம்பர் கடைசியில், கேலரி உறுதியாக இருக்கிறது என்று ராமர் சார் கையெழுத்துப் போட்டார். டிசம்பரில் செலக்ஷன் நடந்தது. தஹ்சீன் தேர்வானாள். நான் ஆகவில்லை.

பிறகு மைதானத்தை மூடினார்கள். ஜனவரியில் கேலரிக்கு மேலே இரும்புக் கூரை ஏறியது. பைபாஸில் போகும்போதே தெரியும், ராட்சசக் குடை மாதிரி. கேலரிக்கு அடியில் பழைய சுவரும் தூண்களும் தெரியாமல் வெள்ளைப் பேனல் அடித்து, வரிசையாகப் படங்கள் மாட்டினார்கள். பழைய ஸ்டேடியத்தின் போட்டோக்கள். சட்டம் போட்டுக் கொடுத்தது எங்கள் அப்பாதான். அவரே போய் மாட்டிவிட்டு வந்தார். நான்காம் எண் அந்தப் பேனலுக்குப் பின்னால் போய்விட்டது. இனி அதை யாரும் பார்க்க முடியாது. ராமர் சாரும் பார்க்க முடியாது. நானும் பார்க்க முடியாது. எனக்கு அதில் நிம்மதி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று மதியம் எங்கள் டீமை ஒத்திகைக்கு வரச் சொன்னார்கள். பழைய ஸ்டேடியத்தில் கடைசியாக ஆடிய டீம் என்று மேடையில் பேர் வாசித்து மரியாதை பண்ணப்போகிறார்களாம். எங்களுக்கு இடம், மேற்கு கேலரி, முதல் இரண்டு வரிசை.

நான் ஷூ மாற்றுகிற சாக்கில் கேலரிக்கு அடியில் போனேன். முத்துப்பேச்சி அக்கா விளக்குமாறோடு நின்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, நீயாவது பாரு. காலைல கூட்டுனேன், பத்து மணிக்குக் கூட்டுனேன், இப்ப மறுபடியும் கூட்டுறேன். மத்த எடமெல்லாம் பளிங்கு மாதிரி கெடக்கு. இந்தச் செவத்தடியில மட்டும் மாவு கொட்டுன மாதிரி கொட்டிக்கிட்டே இருக்கு. சூப்பர்வைசரு என்னத்தான் வைய்யிறான்."

"எத்தன நாளாக்கா?"

"நாலு நாளா. மேல கூரைல லைட்டெல்லாம் கட்டுனாங்கல்ல, அதுலருந்து."

குனிந்து தொட்டுப் பார்த்தேன். சிமென்ட் தூள். பேனலின் அடியிலிருந்து வந்து தரையில் ஒரு கோடு மாதிரி கிடந்தது. சரியாக அந்தத் தூண் இருக்கிற இடம்.

அப்போதுதான் வெளியே ஸ்பீக்கரைச் சோதித்தார்கள். பாட்டு இல்லை, வெறும் அடி. தம், தம் என்று நெஞ்சுக்குள் இடித்தது. மாட்டியிருந்த படங்கள் சட்டத்தோடு ஆடின. நாலாவது அடியிலோ ஐந்தாவது அடியிலோ பேனலுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. டிக். அவ்வளவுதான். முத்துப்பேச்சி அக்கா கவனிக்கக்கூட இல்லை. கண்ணாடி பிரிகிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மேஜை விளிம்பில் வைத்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

மேலே போனபோது தஹ்சீன் எங்கள் வரிசையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போன? செல்பி எடுக்கலாம் வா. மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"நாளைக்கு வராத தஹ்சீன்."

"ஏன், உன்ன செலக்ட் பண்ணாத பொறாமையா?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "ஏய், என்னடி?"

ஆண்டனிராஜ் சார் விசில் ஊதினார். நான் வரிசையில் போய் நின்றேன்.

ராத்திரி பத்தரைக்கு ராமர் சாருக்குப் போன் பண்ணினேன். அரீனா வாசலில் இருந்த போர்டில் அவர் நம்பர் இருந்தது. அவர் ஒட்டன்சத்திரத்தில் வீட்டில் இருந்தார். பின்னால் டிவி சத்தம் கேட்டது. நான் யார் என்று சொன்னதும், "சொல்லுங்க கண்ணு, மேடைல மரியாதையாமே, நல்லா இருக்கீங்களா?" என்றார்.

மூன்று தடவை உடைந்தது, மூன்று தடவையும் நான் மாற்றினேன் என்று சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். டிவி சத்தம் நின்றது.

"எந்த நம்பருங்க?"

"நாலு சார்."

"தேதி என்னோட எழுத்துலதானே இருந்துச்சு?"

"உங்க எழுத்து மாதிரி நான் எழுதினேன் சார்."

அவர் மெதுவாக, "நான் கையெழுத்துப் போட்டுட்டேன் கண்ணு," என்றார். "அதை வச்சுத்தான் அவ்வளவு எடையும் மேல ஏத்துனாங்க."

"இப்ப சொல்லி நிறுத்துங்க சார்."

"எட்டாயிரம் டிக்கெட்டுங்க. மந்திரி வர்றாரு. நான் இப்ப போய் என்னன்னு சொல்றது?"

"சார், பேனலுக்குப் பின்னாடி சத்தம் கேட்டுச்சு. தூள் கொட்டுது."

"பாக்கலாம். பேனலைக் கழட்டிப் பாக்கச் சொல்றேன்."

"எப்ப சார்?"

"ஞாயித்துக்கிழம காலைல, மொத வேலையா."

நிகழ்ச்சி சனிக்கிழமை. நான் அதைச் சொன்னேன். "ஒரு நாள்தானே கண்ணு, ஒரு நாள் தாங்கும்," என்றார். "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. உங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல." வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். சுவிட்ச் ஆப்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் சொன்னதைத்தான் நான் அக்டோபரில் என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் போர்வைக்குள் படுத்திருந்தேன். முதல் வரிசையில் தஹ்சீன் காலை ஆட்டிக்கொண்டிருப்பது கண்ணை மூடினாலும் தெரிந்தது. பிறகு எழுந்து போய் அப்பாவை எழுப்பினேன்.

அப்பா பாயில் உட்கார்ந்து கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரெண்டு தடவ தெரியாம மாத்துன. சரி. மூணாவது தடவ ஏன்டி மாத்துன?"

அம்மா எழுந்துவிட்டாள். "விடிஞ்சதும் பங்குச் சாமியாருகிட்ட போயி பேசுவோம். அவரு கலெக்டரு ஆபீஸ்ல சொல்லுவாரு. இப்ப போயி கதவத் தட்டுனா பிள்ள பேருதான் முன்னாடி வரும். போலீசு கேசுன்னு ஆனா அவ படிப்பு என்னத்துக்காகும்?"

"சாமியாரு சொன்னா மட்டும் நம்புவாங்களா? இன்ஜினியரு கையெழுத்துப் போட்டிருக்கான். பதினாறு வயசுப் பிள்ள சொல்லுது, விரிசல் இருக்குன்னு. எவன் காதுல வாங்குவான்?" அப்பா ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டே சொன்னார். "கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்க. அந்தப் பேனலு நாலு திருகாணிதான். படம் மாட்டும்போது பாத்தேன். கழட்டி போட்டோ புடிச்சு, விடியறதுக்குள்ள ஒவ்வொருத்தனுக்கும் அனுப்புறேன். முத்துப்பேச்சி கேட்ட தொறந்து விடும்."

"நானும் வாரேன்ப்பா."

"நீ வராத."

"அப்பா, என் பேரச் சொல்லிருங்க. மறைக்காதீங்க."

அவர் என் தலையில் கை வைத்தார். எப்போதும் வைக்கிற மாதிரி இல்லை. கனமாக இருந்தது. பிறகு டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதோ போன் அடிக்கிறது. அப்பா.

"பாப்பா, பேனல கழட்டிட்டேன்."

"நாலாம் நம்பரு?"

"ரெண்டா ஒடஞ்சு ஒரு பாதி கீழ கெடக்கு."

"விரிசல் எம்புட்டுப்பா இருக்கு?"

முத்துப்பேச்சி அக்கா பக்கத்தில் "ஆத்தாடி, ஆத்தாடி" என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"என் சுண்டுவிரலு உள்ள போகுதும்மா," என்றார் அப்பா. "கூரைலருந்து தரை வரைக்கும் ஒரே கோடு. படம் புடிச்சு உனக்கு அனுப்பிட்டேன். நீ எல்லாருக்கும் அனுப்பு. உங்க கோச்சுக்கு, தஹ்சீன் அத்தாவுக்கு, எல்லாருக்கும்."

"நீங்க வெளிய வந்துருங்கப்பா."

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அப்பா பேசுவதற்கு மேலே, எங்கேயோ, கடகடவென்று.

"அப்பா, மேல என்ன சத்தம்?"

"நாற்காலி போடுற ஆளுக. கேலரில நாப்பது, அம்பது பேரு இருப்பாங்க. வடக்கத்திப் பசங்க. கீழருந்து கத்திப் பாத்துட்டேன், பாட்டு போட்டுருக்கானுக, ஒருத்தனுக்கும் கேக்கல."

"நீங்க மேல போகாதீங்க."

"போயி எறங்கச் சொல்லிட்டு வந்துருறேன். செத்த நேரந்தான்."

"அப்பா, வேணாம்ப்பா. போலீசுக்குச் சொல்லுவோம்."

"அவங்க வர்ற வரைக்கும் அதுக மேலயே நிக்கட்டுமா?" என்றார். "நீ போன வைக்காத."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போல. துணி உரசுகிற சத்தம். அம்மா ஜெபத்தை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். படத்தை ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். கீழே ஒரு வரி எழுதினேன்: கண்ணாடியை மூன்று தடவை மாற்றியது நான், ஏஞ்சலின். தஹ்சீன் உடனே பார்த்துவிட்டாள்.

அப்பா படி ஏறுகிறார். செருப்புச் சத்தம் கேட்கிறது. மொத்தம் இருபத்திரண்டு வரிசை. நான் எண்ணுகிறேன். ஏழு. எட்டு. மூச்சு வாங்குகிறது அவருக்கு. பாட்டுச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. பதிமூன்று.

"ஏப்பா! ஏய்! எறங்குங்கப்பா! பாட்ட நிப்பாட்டு! கீழ, கீழ! நீச்சே, நீச்சே!"

யாரோ சிரிக்கிறார்கள். இந்தியில் ஏதோ கேட்கிறார்கள். அப்பா மறுபடி கத்துகிறார். பாட்டு நிற்கிறது. நாற்காலி இழுபடுகிற சத்தமும் ஒவ்வொன்றாக நிற்கிறது.

இப்போது அங்கே ஒருவரும் பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எதையோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருக்கிறது.

அம்மா என் கையைப் பிடித்திருக்கிறாள்.

காலடிச் சத்தம். நிறையக் காலடிகள். இறங்குகிறார்களா, ஓடுகிறார்களா என்று தெரியவில்லை. எதிலோ இடித்து நாற்காலிகள் விழுகின்றன. அதற்குள் அப்பாவின் செருப்பு எது என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.